கட்டிப்பிடி யந்திரத்தின் உச்சியிலிருந்து மச்சானுக்கு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் உடம்பால் சுகம். அங்கு நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சுகம்தானே? உங்கள் அக்காளும் சுகம்தானே? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே. நாலு நாளாக அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு கிளம்பியவள் வேறு எங்கே போவாள்? போன் செய்தால், "கையில வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். உங்களிடம் பேசலாமென்றால், எனக்குப் போனில் 'ஹலோ'வுக்கு மேல் வார்த்தை வராது. எப்படியாவது அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவையுங்கள் மச்சான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மரமில்லில் நான் ஓட்டும் யந்திரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, வீடு நடந்து வருது?" என்றீர்களே, அதேதான். சக்கரமே என்னைவிட உயரம். கீழே இரண்டு இரும்புக் கை தாங்க, மேலே இரண்டு வளைந்த கை இறுக்க, ஒரு லாரி மரத்தை ஒரே மூச்சில் அணைத்துத் தூக்கும். அதனால்தான் அதற்கு இங்கே 'கட்டிப்பிடி' என்று பெயர். சுமை ஏறிவிட்டால் என் கண்ணுக்கு எதிரே மரம் மட்டும்தான் தெரியும். கீழே நின்று வாக்கிடாக்கியில் உங்கள் அக்காள் சொல்லச் சொல்லத்தான் நகர்வேன். "இன்னும் ரெண்டடி... மெல்ல... போதும், விடுங்க." பத்து வருஷமாக அந்தக் குரல்தான் எனக்குக் கண்.

போன வியாழக்கிழமை காலை. வெட்டிய மரம் வெடிக்காமல் இருக்க அடுக்குகள் மேல் நாள் பூராவும் தண்ணீர் தெளிப்பார்கள். அதில் வெயில் விழுந்தால் மர அடுக்கெல்லாம் என் கண்ணுக்கு மெல்ல மிதக்க ஆரம்பித்துவிடும். யந்திரம் அசைந்து அசைந்து போகிறது, எஞ்சின் சத்தம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. நான் ஒரு படகில் போய்க்கொண்டிருக்கிறேன், எதிரே அவள் உட்கார்ந்து தண்ணீரில் கையை அளைகிறாள். "நில்லுங்க! நில்லுங்க!" என்று காதில் விழுந்தது. நிறுத்தினேன் மச்சான். படகைத்தான் நிறுத்தினேன், யந்திரத்தை நிறுத்தவில்லை. சுமை போய் இறங்கியது அவள் எப்போதும் உட்காரும் நாற்காலி மேல். நல்லவேளை, அவள் எழுந்து பத்தடி தள்ளி நின்றிருந்தாள். நாற்காலி தகடாகிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னை அண்ணாந்து பார்த்தாள், வாக்கிடாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள். திட்டித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் நான் கண் விழித்தபோது பையோடு போய்விட்டிருந்தாள்.

அவளுக்குப் பதிலாக மேனேஜர் கேட் வாட்ச்மேனை அனுப்பினார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாக்கிடாக்கி என்றால் பயம், கையால்தான் பேசுவார். லாரி டிரைவருக்குக் கை தூக்கி வணக்கம் வைப்பார், எனக்குத்தான் சொல்கிறார் என்று நான் சுமையைத் தூக்குவேன், கொசு அடிப்பார், நான் பின்னால் போவேன், போகிற வழியில் மேனேஜர் காயப்போட்டிருந்த சட்டை இரும்புக் கையில் மாட்டி ஊர்வலம் வரும், அவர் ஜன்னல் வழியா "யோவ், யோவ்"னு கத்துவார், வாட்ச்மேன் அவருக்கும் ஒரு வணக்கம் வைப்பார், நான் இன்னும் மேல தூக்குவேன். இன்னிக்கு அதுக்கும் மேல. மூணு பக்கமும் அடுக்கு இருக்கிற முட்டுச்சந்துக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, வந்த வழியிலேயே நாலு லாரி மரத்தை இறக்கச் சொல்லிட்டார் மனுஷன்! திரும்ப இடமில்லை. பக்கத்து மில்லிலிருந்து கிரேன் வர மூன்று மணி நேரமாகுமாம்.

ஆக, இதை யந்திரத்தின் உச்சியில், ஓட்டுகிற கூண்டுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டேன். நாலு பக்கமும் ஈர மரத்தின் வாசனை. வாக்கிடாக்கியை மட்டும் அணைக்க மனசு வரவில்லை. கரகரவென்று இரைந்துகொண்டிருக்கிறது, நடுவில் அவள் பேசுவது போலவே இருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை மச்சான். இனிமேல் கனவே காணமாட்டேன் என்று சொல்லுங்கள். நம்பமாட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் காண்பேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு. குழந்தைகளின் கன்னத்தில் என் சார்பில் ஆளுக்கொரு கிள்ளு. அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று உயரத்திலிருந்து வாழ்த்தும்,
உங்கள் அக்காள் கணவன்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால் இவரைச் சுற்றி மரம். அடுக்கு மேல் ஏறித்தான் வந்தேன். பேனாவைப் பிடித்தபடி கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிறார். நான் உங்கள் வீட்டில் இல்லையே என்று இந்நேரம் பதறியிருப்பாய். பதறாதே. இந்த யந்திரம் ஓட்டுவதற்கான நாலு நாள் லைசென்ஸ் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் டவுனுக்குப் போயிருந்தேன். தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே குறித்தது, இவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "ம்" என்றார். பாஸ் பண்ணிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் மேலே, உன் மாமா கீழே. கீழே சேறு, தூசு, இரைச்சல். அங்கே நின்றால் கனவு வராது, பத்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

நாற்காலிக்காகக் கோபம் உண்டு, அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிடாதே. இதில் இருக்கிற ஒரு வரியைக்கூட இந்த மனுஷன் என்னிடம் நேரில் சொன்னதில்லை. பத்திரமாக வைத்திரு, அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.