காணாமல் போன மாடிப்படி

மாடிப்படி மறுபடியும் காணாமல் போயிருந்தது.

"நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சுப்பா. இப்ப ஃபைலே இல்ல," என்றார் வரைவாளர்.

வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. எல்லா ஃபைல்களும் ஒரே சர்வரில் இருந்தன. யாரும் எதையும் திறக்கலாம், நகர்த்தலாம். யார் நகர்த்தினார் என்று மட்டும் தெரியாது.

சர்வர்காரர் தேடினார். மாடிப்படி, விடுப்பு விண்ணப்பங்களுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அதற்கு முன் ஒரு சமையலறை பிறந்தநாள் போட்டோக்களுக்குள் கிடைத்தது.

அவர் காண்ட்ராக்ட் ஆள். மேலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இந்தக் கண்ணாமூச்சி முதல்ல நிக்கட்டும். அப்புறம் உங்க விஷயத்தைப் பேசுவோம்."

நிரந்தரமாக்கப் போகிறார் என்று சர்வர்காரர் எடுத்துக்கொண்டார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். வேறு விதமாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"வலி எடுத்துச்சா?" என்று கேட்டார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் கணக்கம்மா. தினமும் கேட்பார்.

"இன்னும் இல்லக்கா."

"எடுத்தா உடனே கிளம்பிடு. சர்வர் எங்கயும் ஓடிப்போயிடாது."

யார் எதைத் தொட்டாலும் சர்வரே எழுதி வைக்கும்படி செய்யலாம். லாக் என்பார்கள். சர்வர்காரர் அதை முடுக்கினார். எவ்வளவு விவரம் வேண்டும் என்று கேட்டது. இருப்பதிலேயே அதிகம் என்றார்.

சர்வர் குறை வைக்கவில்லை. யார் எட்டிப் பார்த்தார், யார் திரும்பிப் போனார், யார் சும்மா நின்றார் என்று எழுதித் தள்ளியது. மதியத்துக்குள் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒருவராலும் எதையும் சேமிக்க முடியவில்லை.

"ஐயோ, என் வரவேற்பறை!" என்று அலறினார் வரைவாளர்.

சர்வர்காரர் லாகுக்கு அளவு கட்டினார். இப்போது அது நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதியது. மறுநாள் குளியலறை காணாமல் போனது. அந்த நேரத்து லாகும் கூடவே போயிருந்தது.

சரி, கணினிக்கு ஒரு லாக் என்று பிரித்தார். திறந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. எந்தப் புண்ணியவானோ ஒரு கணினியைத் தயார் செய்து, அதையே மற்றவற்றுக்கும் நகலெடுத்து விட்டிருக்கிறார். அத்தனைக்கும் ஒரே பெயர்.

மேசை மேசையாகப் போய்ப் பெயர் வைத்தார்.

"எனக்கு நல்ல பேரா வை," என்றார் கணக்கம்மா. "ஆனா பிள்ளைக்குன்னு யோசிச்சு வச்சிருக்கிறதை இதுல வீணாக்கிடாத."

புதுப் பெயர்களைப் பிரிண்டர் ஏற்கவில்லை. இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது என்று படுத்துவிட்டது.

மேலாளர் வாசலில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரிண்டரை எழுப்பி உட்கார வைத்த பிறகுதான் சர்வர்காரருக்குப் பொறி தட்டியது. எல்லாவற்றையும் எதற்கு எழுத வேண்டும்? ஃபைலை நகர்த்தினால் மட்டும் எழுது. கணினியின் பெயரோடு எழுது.

லாக் சுத்தமாக வந்தது. பால்கனியை நகர்த்தியது வரைவாளரின் கணினி. மறுநாள் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தியது கணக்கம்மாவுடையது. அதற்கு மறுநாள், வாசலில் போன் எடுக்கும் பெண்ணுடையது.

"அண்ணே, பால்கனியை நீங்களா நகர்த்தினீங்க?"

"என் பால்கனியை நானே திருடுவேனா? காத்துல பறந்திருக்கும்ப்பா."

கணக்கம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "எனக்கு மவுஸே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது," என்றார், மவுஸை லாகவமாக உருட்டிக்கொண்டே.

ஒருவர் என்றால் திருட்டு. எல்லாரும் என்றால் வைரஸ். சர்வரையே துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் மேலாளரிடம் போய், என்னால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். நிரந்தரம் கை நழுவும். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சர்வர்காரர் எழுந்தார்.

டீ போடும் அக்கா உள்ளே வந்தார். கையில் தட்டு இல்லை. மேலாளரின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒரு உதவி. வெளிய மூச்சு விடக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"எல்லாம் சரியானதும் உன்னை அனுப்பிடுவாராமே மேலாளர், அதான் குழந்தை பிறக்கிற வரைக்கும் ஆளுக்கொரு நாள் எதையாவது ஒளிச்சு வைக்கிறதுன்னு பேசி வச்சிருக்கோம்; இன்னிக்கு என் முறை, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எதை அமுக்கணும்னு நீயே கொஞ்சம் காட்டிக் குடுப்பா."