ரெண்டு சமோசா, அரை டம்ளர் டீ

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. உளவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். (வீட்டுக்கு வீடு செல்போன் வராத காலம்.)

சத்தம் இருந்தால் மனப்பாடம் கெடுமா? இதுதான் என் புராஜெக்ட். இருபது சொற்கள், ஐந்து நிமிடம். சனிக்கிழமை பத்துப் பேருக்கு அமைதி; ஞாயிற்றுக்கிழமை வேறு பத்துப் பேருக்கு அலறும் ரேடியோ. இடம், ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறை. சத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரே நாற்காலி, ஒரே பேனா, ஃபேன் மூன்றில். சுவரிலிருந்த பல்லிகூட அதே பல்லிதான். அம்மாவிடமும் கறாராகச் சொல்லியிருந்தேன்: "யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணிகூட."

"சரிம்மா" என்றார். அம்மா அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ரேடியோ கோஷ்டி அமைதி கோஷ்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது! சத்தம் ஞாபகசக்தியை வளர்க்கும் என்று எழுதி, பைண்டிங் செய்து (தங்க எழுத்து வேறு) புராஜெக்ட் கைடு மேடமிடம் நீட்டினேன்.

மேடம் எண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நஸ்ரின், வந்தவங்க சேர்ல உக்கார்ற வரைக்கும் எங்க இருந்தாங்க?"

"வராண்டாவுல, மேடம். அம்மாவோட."

மேடம் அங்கேயே எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினார். "அம்மா, வந்தவங்களுக்கு ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை நீ சொன்ன மாதிரியே இருந்துட்டேன்மா. காலைல சாப்பிடாம டிரெயின் ஏறி வந்த புள்ளைங்க. மனசே கேக்கல. அதான் ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ரெண்டு சமோசா, அரை டம்ளர் டீ. யாருக்கும் கூடக்கொறைச்சல் இல்ல. வாயைத் தொடச்சுவிட்டுத்தான் உள்ள அனுப்புனேன்."

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா கரெக்டா கன்ட்ரோல் பண்ணியிருக்காங்க. நீங்கதான் பண்ணல. ஒரு வாரத்துல திரும்பச் செய்ங்க. இல்லன்னா இந்த வருஷம் போச்சு."

அழுகை வந்தது, கூடவே பிரமிப்பும். பத்தடி அகல வீட்டில், என் கண்ணில் மண்ணைத் தூவி, பத்துப் பேருக்கு ஒரே அளவில் பரிமாறியிருக்கிறார். ஒரு துணுக்குகூட உள்ளே வரவில்லை!

மறுசோதனைக்கு இரண்டு நாளும் சமோசா. அளவும் நேரமும் அம்மா பொறுப்பு. (இருபது பேர் கேட்டேன், நாற்பது பேர் வந்தார்கள்.) இந்தமுறை ரேடியோ கோஷ்டி தோற்றது, நான் பாஸானேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், அம்மா தட்டோடு அடுப்படி வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார்: "நஸ்ரின், இவங்க சனிக்கிழமையா, ஞாயித்துக்கிழமையா?"