அம்மாவுக்கு ஒரு லண்டன் வண்டி

பிள்ளைகள் தாய்க்கென்று செய்கிற பெரிய காரியங்களில் பாதிக்கு மேல், தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தவையாகத்தான் இருக்கும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளே என்ற பயம்தான் காரணம். நான் அப்படிக் கேட்காமல் வாங்கியது புடவையோ வளையலோ அல்ல. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த, என்னைவிட வயதில் மூத்த, உள்ளேயே படுக்கையும் அடுப்பும் கக்கூஸும் வைத்த ஒரு வேன். (ஆமாம், கக்கூஸ்தான். அந்த வார்த்தையைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.)

அம்மா பிறந்தது போடியில். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தவள். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சுத்துணை என்றால் போடியில் இட்லிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா மட்டும்தான். வருஷம் தவறாமல் மூணாறு வழியாக பஸ் பிடித்துப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவாள்.

பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்காரர்களால் மலைப்பாதை பஸ்ஸில் அத்தனை நேரம் அடக்கிக்கொண்டு உட்கார முடியாது என்பது நம் பஸ்காரர்களுக்குத் தெரியாது. ஒருமுறை அடிமாலி தாண்டி என்ன நடந்தது என்று அம்மா சொல்லவில்லை. நானும் தங்கை செல்வியும் கேட்கவில்லை. அன்று கட்டியிருந்த புடவையை மட்டும் அவள் மறுபடி கட்டவே இல்லை. அத்தோடு போடிப் பயணம் நின்றது. யாராவது கேட்டால் "வேலை சரியா இருக்கு" என்பாள். பெரியம்மாவாவது இங்கே வரலாமே என்றால், "கடையை ஒரு நாள் அடைச்சா வாடிக்கை எதுத்த கடைக்குப் போயிரும்" என்று அங்கிருந்து பதில் வரும். தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்த பிறகும் அம்மா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது தாங்காது.

அப்போது எனக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கையில் சம்பளம். உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினையே கிடையாது, சரியான சாமானை வாங்கினால் போதும் என்று நம்பிய வயது. அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளிப் பழம்பொருள் விற்கும் வர்கீஸ் சேட்டனின் கிடங்கில், பழைய தேக்குக் கதவுகளுக்கும் பித்தளை உருளிகளுக்கும் நடுவில் அந்த வேன் நிற்பதைப் பார்த்தேன். ஃபோர்ட் கொச்சியில் சில காலம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்து, வரியெல்லாம் கட்டி கேரளா நம்பரும் வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது சேட்டன் தலையில் கட்டிவிட்டுப் போனது. பாதி பச்சை, பாதி வெள்ளை. நெற்றியில் வட்டமாக இரண்டு விளக்கு. பார்த்தவுடன் மனசு வழுக்கிவிட்டது.

பழைய வண்டியை வண்டி வியாபாரியிடம் வாங்க வேண்டும். பழம்பொருள் வியாபாரியிடம் வாங்கக்கூடாது. வண்டி வியாபாரியிடம் குறை சொன்னால் விலை இறங்கும்; இவரிடம் குறை சொன்னால் ஏறும்.

"சேட்டா, கீழே முழுக்கத் துருவா இருக்கே?"

"அது ஒரிஜினல் துரு ஆணு மோனே."

"இந்தக் கண்ணாடி கீறியிருக்கு."

"ஒரிஜினல் கண்ணாடி. இதுபோலத்தது இப்போ எவிடயும் கிட்டில்லா."

கடைசியில் நான் வந்த காரியத்தைக் கேட்டேன். அடுப்புக்கு ஒட்டினாற்போல் இருந்த மெத்தை இருக்கையைச் சேட்டன் தூக்கிக் காட்டினார். அடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ். புதுசா என்று கேட்டேன்.

"ஒரிஜினல்" என்றார் சேட்டன், குரலில் மரியாதையோடு.

பேரம் பேசத் தெரிந்தவன் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். நான் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையவே மனசு வைக்க வேண்டும். வேனைச் சந்து முனையில், பூட்டிக் கிடந்த சுக்குக் கிடங்கின் முன்னால், சொந்தக்காரரிடம் கேட்டு நிறுத்தினேன். அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருதுடா?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கு எதுக்குடா லாரி?"

விளக்கினேன். போடிக்குப் போகலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். கக்கூஸ் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அம்மா வீட்டுக்குள் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய ஆளாக உணர்ந்தது அன்றைக்குத்தான்.

கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரயிலில் இருப்பதுபோல் கடைசியில் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாங்கின உற்சாகத்தில் எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பாடு. படுக்கை, அடுப்பு எல்லாம் இருப்பதால் இதுவும் ஒரு வீடுதான், பால் காய்ச்சாமல் ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு லீலா சேச்சியும் சந்துக்காரர்களும் குளித்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அக்காவுக்கென்று முறுக்கு டின், மீன் ஊறுகாய், துணிப்பை எல்லாம் ஏறிவிட்டன. வாழைப்பழம் மறந்துபோய்விட்டது என்று என்னைக் கடைக்கு விரட்டினார்கள்.

பழத்தோடு திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். வண்டிக்குள் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த மெத்தை இருக்கையின்மேல் மஞ்சள் துண்டை விரித்து, முருகன் படத்தைச் சாய்த்து வைத்து, விளக்கும் ஏற்றி, அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என் பெயர் சரவணன். அந்த முருகன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். பழச்சீப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, வண்டி கிளம்பிய பிறகு படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். (முருகா, நான் மனசுக்குள் போட்ட தோப்புக்கரணம் உனக்குத் தெரியும்.)

பால் பொங்கியது. செல்வி குலவையிட்டாள். அம்மா தானாகவே படத்தை எடுத்து ஸ்டியரிங் பக்கம் வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. எல்லோருக்கும் டம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு அதே இருக்கையில் மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். அப்போது லீலா சேச்சி கேட்டாள்:

"சரவணா, இதில் டாய்லெட் உண்டென்னு பறஞ்ஞல்லோ. எவிடயா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாங்கினவனுக்குப் பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அம்மா உட்கார்ந்திருக்கற சீட்டைத் தூக்கினாப் போதும் சேச்சி."

லீலா சேச்சி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அம்மா எழுந்தாள். இருக்கையைப் பார்த்தாள், ஒரு சாண் தள்ளி இருந்த அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"முருகனை எங்கடா வச்சிருந்தேன்?"

நான் பழச்சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ பாத்த இல்ல?"

"பார்த்தேம்மா. ஆனா அது சுத்தமாத்தான் இருக்கு..."

"புதுசாடா?"

"புதுசு இல்ல. ஒரிஜினல்."

அந்த வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. செல்வி குபீரென்று சிரித்துவிட்டாள். அம்மா அடுப்பை அணைத்தாள், முருகனை அக்குளில் இடுக்கிக்கொண்டாள், முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். பால் குடித்த சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வாய் கொப்பளிக்கப் போனார்கள்.

அன்று சாயங்காலமே சமாதானம் பேசிப் பார்த்தேன்.

"அம்மா, உனக்குப் பிடிக்கலைன்னா அதைக் கழட்டிப் போட்டுர்றேன். போடி போலாம்."

"கழட்டிட்டா வழியில நான் என்னடா செய்வேன்?"

"அப்ப இருக்கட்டும்."

"அடுப்படியில அது இருந்தா நான் எப்படிடா ஏறுவேன்?"

இருந்தாலும் ஏறமாட்டாள், இல்லாவிட்டாலும் ஏறமாட்டாள். நான் அலுவலகத்தில் எவ்வளவோ சிக்கலான கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இதற்கு விடை கிடைக்கவில்லை. வேன் கிடங்கு முன்னாலேயே நின்றது. தினம் வேலைக்குப் போகும்போது அதன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போவேன்.

அம்மாவுக்கு மட்டும் போனில் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "அடுப்புக்குப் பக்கத்துல கக்கூஸு அக்கா, நடுவுல ஒரு சுவரு வேண்டாமா?" என்று தினமும் ஆரம்பிப்பாள். மறுமுனையில் பெரியம்மா நம்பவே இல்லை. அப்படி எந்த ஊரிலும் செய்யமாட்டார்கள், நீ சரியாகப் பார்த்திருக்கமாட்டாய் என்று சாதித்தாள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சண்டை சில நாள் ஓடியது.

ஒரு மத்தியானம் ஆட்டோ ஒன்று சந்து முனையில் நின்றது. கையில் ஒரு மூட்டையோடு பெரியம்மா இறங்கினாள். ஒரு நாள்கூட அடைக்காத கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். அம்மா சந்துக்குள்ளிருந்து ஓடிவந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி முழிக்கிற? எங்க அந்தக் கருமாந்திரம்?"

காட்டினோம். பெரியம்மா ஏறினாள், இருக்கையைத் தூக்கினாள், குனிந்து பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், கிடங்குக் கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. "ஏ ஆத்தா, நெசந்தான்டி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அம்மாவையும் தொற்றிக்கொண்டது. வண்டிக்கு வெளியே நின்றபடியே அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீடு இரண்டே அறை. பெரியம்மா வேனிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு வாரம் இருந்தாள். அம்மா கடைசிவரை உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. வேன் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். உள்ளே மெத்தையில் சம்மணமிட்டு அக்கா, வெளியே சுக்கு வாசனையில் தங்கை. காலையில் ஆரம்பித்த பேச்சு, விளக்கு வைத்த பிறகும் நடந்துகொண்டிருக்கும். நான் வேலை முடிந்து வரும்போது அந்த இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்து ஆடிக்கொண்டிருப்பது தெருமுனையிலிருந்தே தெரியும். ஒரு நாள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

பெரியம்மா கிளம்ப வேண்டிய நாள் வந்தது. "நானும் வர்றேன்" என்றாள் அம்மா.

"எதுலம்மா?"

"வண்டியிலதான். அடுப்பைக் கழட்டிரு."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"அடுப்படியில கக்கூஸ் இருந்தாத்தான் தப்பு. அடுப்பே இல்லாட்டி அது அடுப்படி இல்லையே" என்றாள், சாதாரணமாக.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீ கக்கூஸைத்தானேடா பிடிச்சுத் தொங்கின. அடுப்பைப் பத்திக் கேட்டியா?"

அடுப்பு போனது. பன்னீரும் மஞ்சள் தண்ணீரும் தெளித்தபின் அம்மா ஏறினாள். மலையேற்றத்தில் எங்களைத் தாண்டாத வாகனமே கிடையாது. பால்காரன் ஸ்கூட்டர்கூடத் தாண்டியது. மூணாறுக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஓரம் அம்மா என் தோளைத் தொட்டாள். நிறுத்தினேன். நானும் செல்வியும் பெரியம்மாவும் இறங்கி, மலையை இதற்குமுன் பார்த்தே இராதவர்கள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"போலாம்" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்த வண்டியை வாங்கினேன்.

போடி மெட்டில் இறங்கும்போது, பெரியம்மா தூங்கிவிட்டாள் என்று உறுதி செய்துகொண்டு அம்மா முன்னால் வந்து என் காதருகே சொன்னாள்: "எப்பவும் நானே போய்க்கிட்டிருந்தேன் இல்ல. அவளும் எனக்காக ஒரு தடவை கடையை அடைச்சிட்டு வரட்டுமேன்னு இருந்தேன்." நான் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டேன். "ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றாள்.

பிறகு மூன்று நாலு தடவை போய்வந்தோம். பெரியம்மா இப்போது இல்லை. வேனை வர்கீஸ் சேட்டனிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுப்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இது ஒரிஜினல் அல்லல்லோ" என்று பாதி விலைதான் தந்தார்.

கதை மட்டும் எங்கும் போகவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பையன் என்ன வேலை என்று கேட்டதற்கு, "காக்கநாட்டுல கம்ப்யூட்டர் வேலை. லண்டன்லேர்ந்து எனக்குக் கக்கூஸ் இறக்கிக் கொடுத்தவன்" என்று அம்மா ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் உள்ளறையில் இருந்து சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றும் நான் ஆசையாக எதை வாங்கி வந்தாலும், அது சோபாவோ ஸ்டூலோ, அவள் உடனே உட்காரமாட்டாள். தள்ளி நின்று, அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பாள்:

"முதல்ல சொல்லிருங்க, இதைத் தூக்கினா கீழ என்ன இருக்கு?"