காற்று உதிர்த்த வால்கள்

வளிநாட்டில் கடிதம் கிடையாது, தூதுவரும் கிடையாது. கடைக்கும் தோட்டத்துக்கும் ஒவ்வொரு காற்றுமாடம் இருந்தது. அதில் வாயை வைத்துச் சொன்னால் போதும், காற்று அந்தச் சொல்லை எடுத்துப் போய் உரியவர் காதில் போட்டுவிடும். அந்நாளில் வீசியது நான்காம் காற்று. கொஞ்சம் சோம்பேறி. காலையில் சொன்ன சொல் ஆற்றைக் கடந்து, நாணலில் சற்றுப் படுத்தெழுந்து, ஈர வாசனையோடு உச்சிப்பொழுதில் போய்ச் சேரும். ஆனால் முழுதாகப் போய்ச் சேரும்.

தையல்நாயகிக்கு அதுவே தாராளம். ஆற்று வளைவில் அவளுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் நிழலிலேயே கொடிகள் வளர்ந்தன. நூறு வெற்றிலை அடுக்கினால் ஒரு கவுளி. "இன்னிக்கு எண்பது கவுளி வருது அண்ணே" என்று மாடத்தில் சொல்லிவிட்டு அவள் கூடைகளைக் கட்டி முடிக்கவும், மறுகரை வியாபாரி இருளப்பனின் ஓடம் வரவும் சரியாக இருக்கும்.

அரசருக்குத்தான் பொறுக்கவில்லை. அண்டை நாட்டில் இதைவிட வேகமாக வீசுகிறதாம். ஒரே வாரத்தில் ஐந்தாம் காற்று அவிழ்த்து விடப்பட்டது.

"இனி கண் இமைப்பதற்குள் வணிகம்! ஆகவே யாரும் இமைக்கக் கூடாது!" என்று முழங்கினார் காற்றுத்துறை அமைச்சர்.

வேகத்தில் குறையில்லை. ஒரே ஒரு சங்கடம், அந்த அவசரத்தில் வாக்கியத்தின் வால் அறுந்து வழியில் விழுந்துவிடும். "எண்பது கவுளி வ" என்று கேட்ட இருளப்பன், வருகிறதா வரவில்லையா என்று தெரியாமல் தானே ஓடம் ஏறி வந்து விசாரித்துப் போனார். வளிநாட்டு மொழியில் சம்மதமும் மறுப்பும் கடைசியில்தான் வரும். அதனால் அரண்மனைக்கு வரும் மனுக்களை முடித்து வைக்க, வால் நிரப்பும் அதிகாரி என்று ஒருவர் நியமிக்கப்பட்டார்.

ஐந்தாம் காற்று நாசூக்கானது. சுவரைத் துளைக்காது. கடைச் சுவர்களை எடுத்துவிடலாமா என்று அரசு மக்களைக் கேட்டது. "சுவரை இடிக்க வேண்டாம்!" என்று ஊரே மாடங்களில் கத்தியது. அரண்மனைக்குக் கேட்டது "சுவரை இடிக்க வேண்" என்பதுதான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு, "டும்" என்று எழுதினார். மக்கள் விருப்பப்படியே சுவர்கள் இடிந்தன. மாடங்கள் மட்டும் தனியே நின்றன. மாவுக்கடை மாவு துணிக்கடைப் பட்டின் மேல் மெல்ல மெல்லப் படிந்தது.

இலையைக் கண்டாலும் அந்தக் காற்று நின்றுவிடுமாம். அடுத்த கேள்வி மரங்களைப் பற்றி வந்தது. அகத்தி போனால் மூன்றே நாளில் கொடி கருகிவிடும். தையல்நாயகிக்கு இருந்ததெல்லாம் அந்தக் கொடிகள்தான்.

"அண்ணே, எதைச் சொன்னாலும் 'டும்'னுதான முடிக்கிறாங்க? 'டும்'னே முடியிற மாதிரி நாம கேட்டுட்டா?"

"அடி சக்கை! அப்படியே கேளு தாயி" என்றார் ஓடத்தில் வந்திருந்த இருளப்பன்.

"மரங்களை வெட்டாமல் விட வேண்டும்" என்று அவள் மாடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அரண்மனைக்கு "மரங்களை வெட்டாமல் விட வேண்" வந்து சேர்ந்தது. எழுதப் போன அதிகாரி தயங்கி அமைச்சரைப் பார்த்தார்.

"நாட்டின் வேகத்தைவிட இலக்கணம் முக்கியமில்லை" என்றார் அமைச்சர், கூரையைப் பார்த்தபடி.

அதிகாரி முதன்முறையாக "டாம்" என்று எழுதினார்.

அகத்திகள் சாய்ந்தன. நான்காம் நாள் தையல்நாயகி கருகிய கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "இன்னிக்கு எத்தனை கவு" என்று இருளப்பனின் குரல் நொடியில் வந்து நின்றது. சொல்ல அவளிடம் ஒரு கவுளியும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டாம்... டாம்... காற்று திரும்பும் ஆற்று வளைவு அது. வேகத்தில் அது உதறிய வால்களெல்லாம் அவள் கொடிக்காலில்தான் உதிர்ந்து கிடந்தன. வெயில் பட்டு வெதுவெதுப்பாக, காலடியில் அனத்திக்கொண்டிருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை அடுக்கும் பக்குவத்தோடு அவற்றைக் கூடைகளில் அடுக்கி, வாழைச்சருகால் மூடினாள். இருளப்பனின் ஓடத்திலேயே தலைநகருக்குக் கொண்டு போனாள்.

அன்று அரசருக்கு முடிசூட்டு விழா ஆண்டு நிறைவு. சுவரும் மரமும் இல்லாத நகரத்தில் ஐந்தாம் காற்று தங்குதடையின்றி ஓடியது.

"கூடையில் என்னம்மா, ஏதோ முணுமுணுக்கிறது?" என்று கேட்டார் அரசர்.

"எங்க ஊரு சனம் சொன்னதுதான் மகாராசா. வர்ற வழியில விழுந்து போச்சு."

"மக்களின் வாழ்த்து, அரசே!" என்று குறுக்கே புகுந்த அமைச்சர், பெரிய மாடத்தில் வாயை வைத்து நாடு முழுவதும் கேட்கும்படி முழங்கினார்:

"நம் மன்னரின் ஆட்சி என்றென்றும் நீடிக்க வேண்"

வால் அறுந்து விழுந்தது. அதிகாரி அவசரமாக எழுதுகோலை மையில் தோய்த்தார். அதற்குள் தையல்நாயகி கூடையைத் திறந்துவிட்டாள்.