அழகுமலைக்கு மட்டும்தான் இங்கிலீஷ் வருமா?

சின்னக்கானல்
12.7.1974

மதிப்பிற்குரிய ராக்கப்பன் மாமா அவர்களுக்கு மருமகன் குருசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த மழையிலும் குளிரிலும் நான் உயிரோடு இருக்கிறேன். போடியில் தாங்களும் அத்தையும், முக்கியமாகச் சின்னத்தாயும், சுகமாக இருக்க அன்றாடம் முருகனை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மகள் சின்னத்தாய் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கிலீஷ் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அவள் சொல்வதைப் படித்து மேலும் மகிழ்ந்தேன். அதற்கு அடுத்த வரியில் ‘அழகுமலை எப்படி?’ என்று கேட்டிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உங்கள் பெரிய அக்காள் மகன் என்றால் நான் சின்ன அக்காள் மகன் இல்லையா? ஒரே எஸ்டேட் ஆபீஸில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதானே இருவரும் எழுதுகிறோம்? எனக்கு அவன்மேல் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

அவன் இங்கிலீஷ் என்ன பெரிய இங்கிலீஷ், மாமா? மூணாறில் ஒரு பழைய மரபுத்தொடர் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு, தினம் ஒன்றாக மனப்பாடம் பண்ணி, மறுநாள் எஸ்டேட் மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் எடுத்து விடுகிறான். போன வாரம் லீவு கேட்டு ‘ஐ ஆம் அண்டர் த வெதர்’ என்று எழுதினான். வானிலைக்கு அடியில் இருக்கிறானாம். சின்னக்கானலில் யார்தான் வானிலைக்கு மேலே இருக்கிறார்கள்? ஆனால் துரை உருகிப்போய், உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்து, லீவும் கொடுத்து, பங்களாவிலிருந்து பிளாஸ்க்கில் சூப்பும் அனுப்பினார். எனக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தபோது, “கம்பளியப் போத்திக்கிட்டு எழுதும்” என்றுதான் பெரிய கிளார்க் சொன்னார்.

திங்கட்கிழமை துரை ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கபடிப் போட்டிக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அழகுமலை கேட்டான். துரை சிரித்துக்கொண்டே ‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்றார். இது என் டீ இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லியும் அங்கே ஒருவரும் அசையவில்லை, மாமா. விசுவாசம் உள்ளவன் சும்மா இருப்பானா? பாய்ந்துபோய் அவர் கையிலிருந்த கப்பைப் பிடுங்கிக்கொண்டு ஃபாக்டரிக்கு ஓடினேன். தேயிலைப் பக்குவம் பார்க்கும் சூசையப்பன் அண்ணனிடம், “அண்ணே, தொர நம்ம டீய வேண்டாங்காரு” என்றேன். அந்த மனுஷன் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு தட்டு நிறைய சாம்பிள் டீயோடு ஓடிவந்து துரை காலில் விழப்போனார். துரை திகைத்து நின்றார். அழகுமலை அப்போதுதான் வாயைத் திறந்து, “ஏலே, தனக்குக் கபடி ஒத்துவராதுங்காருலே. டீக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றான். அதை நான் கப்பைப் பிடுங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அவன் குடியா முழுகிவிடும்?

அன்றைக்கு ஒன்று புரிந்தது. இங்கிலீஷ்காரன் சொல்வது ஒன்று, பொருள் வேறொன்று. அழகுமலை வெளியே போன நேரம் பார்த்து அவன் புத்தகத்தைப் புரட்டினேன். பாதிப் பக்கம் கிழிந்து பொருள் போய்விட்ட இடத்தில் ‘ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் யூ’ என்று இருந்தது. உன்னை நான் கை கழுவிவிட்டேன் என்று வருகிறது. தமிழில் இது கெட்ட பேச்சு. ஆகவே இங்கிலீஷில் நேர் எதிராக, பிடித்த கையை விடமாட்டேன் என்றுதான் இருக்க வேண்டும். நேற்றுச் சின்னத்தாய்க்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, அதில் இதைப் போட்டு, அடிக்கோடும் இட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி எனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அத்தைக்கு என் வணக்கம். வீட்டில் ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். தங்கள் ஆசீர்வாதம் ஒரு மருமகனுக்கு மட்டும் போதும்.

இப்படிக்கு,
இங்கிலீஷ் அறிந்த மருமகன்,
குருசாமி

பி.கு.: மாமா, கவரை ஒட்டும் நேரத்தில் வாய் சும்மா இருக்காமல் அழகுமலையிடம் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ஒரு தொடருக்கு மட்டும் இங்கிலீஷிலும் தமிழிலும் ஒரே பொருளாம். சிரித்து முடித்ததும் லீவு வாங்கிக்கொண்டு போடி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். ஆகையால் இதைத் தபாலில் போடாமல் மலை இறங்கும் தேயிலை லாரியில் கொடுத்தனுப்புகிறேன். தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். அதற்குள் சின்னத்தாய் படித்துவிட்டால், குருசாமிக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, அவன் எழுதியதை நம்பாதே என்று தாங்களே அவளிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் அழகுமலையைக் கேளுங்கள், அவன் சத்தியமே பண்ணுவான்.