ஆம்பியர் பெண் பார்க்கப் போனார்

சேலம் ஜில்லாவுக்குக் கரண்டு புதிதாக வந்தபோது ஊரே அதைக் கண்டு பயந்தது. கரண்டு பயந்தது ஒரே ஒருவரைக் கண்டுதான். அவர் ஆம்பியர். அப்பா அம்மா வைத்த பேர் ஏதோ இருந்தது. அவருடன் ஒரே அறையில் குடியிருந்த எனக்கே அது மறந்துபோய்விட்டது.

சங்ககிரிப் பக்கம் ஒரு நெசவு மில்லில் நான் குமாஸ்தா, அவர் வயர்மேன். மற்றவர்கள் வெற்றிலைப் பெட்டி வைத்திருப்பதுபோல அவர் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். அதற்குள் இரண்டு மீட்டர்கள். ஒன்று கரண்டைத் தள்ளும் அழுத்தமான வோல்ட்டைக் காட்டும், இன்னொன்று ஓடும் கரண்டின் அளவான ஆம்பியரைக் காட்டும். எந்த விளக்கைக் கண்டாலும் இரண்டையும் மாட்டி அளந்துவிடுவார். பெருக்கினால் வாட்டு, வகுத்தால் ஓம். விடை வந்த பிறகுதான் அந்த விளக்கின் கீழே உட்காருவார். ஓட்டலில் இவர் கணக்கு முடிவதற்குள் என் இட்லி ஆறி எத்தனையோ நாள் கல்லாகியிருக்கிறது.

மனிதர்களையும் விட்டுவைக்கமாட்டார். மில் மானேஜர் ஒருநாள் கூரை அதிரக் கத்திவிட்டுப் போனார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க நடுங்கறீங்க? சத்தம் எரநூத்தி முப்பது வோல்ட்டு. வேல சைபர் ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, என்ன வருது?"

அந்தக் கணம் முதல் எனக்கு மானேஜரிடம் பயம் போயிற்று. மரியாதையும் கூடவே போனதுதான் சங்கடம்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் லேசில் கூடுமா? இரண்டு இடம் தட்டிப்போயிற்று. முதல் வீட்டில் பெண் வந்து நின்றபோது இவர் ஸ்டூல் மேல் ஏறி பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வீட்டில் மாமனாராக வரவேண்டியவரிடம், "உங்க ஊட்டு ஒயரிங்கு ஆயுசு கம்மிங்க" என்றார். ஆயுசு என்ற வார்த்தையை அந்த நேரத்தில் சொல்லலாமா? ஆம்பியருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவருடைய அக்கா அழுதுவிட்டார். "இந்த எடமும் தவறிச்சுன்னா நான் இனிப் பொண்ணு தேட மாட்டேன், சாமி" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நானும் அக்காவும் சேர்ந்து ஆம்பியரிடம் சத்தியம் வாங்கினோம்: பெட்டியைத் தொடக்கூடாது, கரண்டைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது.

மூன்றாவது இடம் ராசிபுரம். பெண்ணின் அப்பா நெய் மண்டிக்காரர், மனைவியை இழந்தவர். நெய்யையும் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற சிக்கனக்காரர். ஆனால் அன்று மாலை மாப்பிள்ளை வருகிறார் என்று வீட்டில் இருந்த அத்தனை விளக்கையும் போட்டுவிட்டிருந்தார். ஆம்பியர் மேலே பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். யார் பெண், யார் மாப்பிள்ளை என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"கரண்டு அடுப்புல காப்பி போடச் சொல்லியிருக்கேனுங்க" என்றார் மண்டிக்காரர் பெருமையாக.

உள்ளே அடுப்பைப் போட்டார்கள். கூடத்து விளக்குகள் மங்கின. ஆம்பியரின் காது நிமிர்ந்தது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டார், பாவம்.

பெண் நல்லம்மாள் காப்பியோடு வந்து நின்றாள். ஆம்பியர் டம்ளரை வாங்கினார், வாய் திறந்தார். போச்சு.

"அடுப்புல கம்பி முழுசா இருக்குதுங்களா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெண் பதறவில்லை.

"இல்லீங்க. பாதிய அப்பா வெட்டிட்டாருங்க."

"கரண்டு பாதி மிச்சமாகுமில்லீங்க" என்றார் மண்டிக்காரர்.

"அடுப்புத் தகட்டுல என்ன போட்டிருக்குது?" என்று கேட்டார் ஆம்பியர்.

"எரநூத்தி முப்பது வோல்ட்டு, அஞ்சு ஆம்பியருங்க" என்றாள் நல்லம்மாள்.

சத்தியம் காற்றில் பறந்தது. "எரநூத்தி முப்பதை அஞ்சால வகுத்தா நாப்பத்தாறு ஓம். கம்பி கரண்டைத் தடுக்கற அளவு அது. பாதிய வெட்டினா தடையும் பாதி, இருபத்திமூணு. எரநூத்தி முப்பதை இருபத்திமூணால வகுத்தா பத்து ஆம்பியர். முன்னால ஆயிரத்து நூத்தம்பது வாட்டு எரிச்ச அடுப்பு, இப்ப ரெண்டாயிரத்து முந்நூறு எரிக்குதுங்க."

"என்ன பேச்சுங்க இது? வேட்டிய வெட்டினா துணி கொறையுமா, கூடுமா?" மண்டிக்காரர் முகம் சிவந்தது.

அந்த நேரம் பார்த்து 'பட்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு.

பெண் பார்க்க வந்த இடத்தில் விளக்கு அணைந்தால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? "சகுனமே சொல்லிருச்சு. நீங்க கெளம்பலாமுங்க" என்று மண்டிக்காரரின் குரல் கேட்டது. அக்கா விசும்புவதும் கேட்டது. மனுஷன் கடைசிவரை தனிக்கட்டைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இருட்டிலிருந்து நல்லம்மாள் பேசினாள். "சகுனமில்லீங்கப்பா. அடுப்பு ஒண்ணே பத்து ஆம்பியர் இழுக்குது. தெனமும் ரெண்டே வெளக்குப் போடுவோம். இன்னைக்கு அத்தனையும் போட்டுட்டீங்க. பியூஸ் எப்படீங்க தாங்கும்?"

சொல்லிக்கொண்டே தீப்பெட்டியைத் தேடி எடுத்து அகலை ஏற்றினாள்.

"கணக்கு சரிங்க" என்றார் ஆம்பியர். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

அகல் வெளிச்சத்தில் ஆம்பியர் பியூஸ் கம்பி மாற்றினார். அகலைப் பிடித்துக்கொண்டு நின்றது நல்லம்மாள். அடுப்பை நிறுத்திவிட்டு மெயினைப் போட்டதும் வெளிச்சம் வந்தது. மண்டிக்காரர் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பேரும் பியூஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெத்தல பாக்கு எடுங்க" என்று பெருமூச்சு விட்டார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது கூடத்து விளக்கு மங்கியது. அவரோடு இருந்த தோஷம், நான்தான் துள்ளி எழுந்து, "எத்தனை ஆம்பியர் இழுக்குதோ, பெட்டிய எடுங்க" என்றேன். ஆம்பியர் விளக்கைப் பார்க்கவே இல்லை. சமையல்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடுங்க சாமி. நல்லம்மா காப்பி போடுது."

இப்போதும் ராத்திரி எங்கள் வீட்டு விளக்கு மங்கினால் எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்குத் திட்ட மனசு வருவதில்லை. ஆம்பியர் எங்கேயோ காப்பிக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.