மேரி அக்கா வாசலில் சப்பரம் நின்ற கதை

பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அறிவில் யார் வேண்டுமானாலும் மிஞ்சலாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்தின் முன்தண்டைத் தோளில் தூக்கும் உரிமை அப்பாவுடையது. மூட்டு தேய்ந்து அவர் ஒதுங்கிய வருடம் அந்த இடம் எனக்கு வந்தது. திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் லோரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன் நான். பாரம் தூக்கியதால்தான் வலி என்று நானே தீர்ப்புச் சொல்லி, இடுப்பு பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினேன்.

“முடியலன்னா விடுங்க மச்சான், நான் தூக்குறேன் லா,” என்றான் மனைவியின் தம்பி செபா. (அவனுக்கு அந்தத் தண்டின் மேல் ரொம்ப நாளாகவே கண்.) செத்தாலும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மனைவி ரீத்தா டவுன் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா முதுகைத் தட்டிவிட்டு வயிற்றை அமுக்கினார்.

“வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?”

“அஞ்சு நாள் டாக்டர். குளிருல தண்ணியே குடிக்கிறதில்ல.”

“எல்லா முதுகுவலியும் இப்படி இல்ல. உங்களுக்கு மலச்சிக்கல், வாயு. வயிறு உப்புனா முதுகுலயும் வலிக்கும். பெல்ட்ட அவுத்துடுங்க, தண்ணி குடிங்க. இந்த மருந்து ராத்திரிக்கு ரெண்டு ஸ்பூன்.”

(வயித்துக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? இந்தம்மா படிச்சுத்தான் வந்துச்சா?) பெல்ட்டை அவிழ்க்கவில்லை, மருந்தைத் தொடவும் இல்லை. திருவிழா அன்று காலையில் குனியவே முடியவில்லை. பயந்துபோய் அரை போத்தலை ஒரே மூச்சில் குடித்தேன்.

மாலையில் சப்பரம் புறப்பட்டது. லயத்து வீட்டு வரிசையில் பாதி தூரம் போவதற்குள் வயிற்றில் இடி இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்தடி போனேன். அதற்கு மேல் முடியவில்லை.

“செபா, பிடிடா!” என்று கத்திவிட்டு, பக்கத்திலிருந்த மேரி அக்கா வீட்டுக் கக்கூஸுக்கு ஓடினேன். பெல்ட் அவிழ்வதற்குள் உயிர் போய் வந்தது.

வெளியே வந்தால், மொத்தத் தோட்டமும் வாசலில்! குள்ளமான செபா தோள் கொடுத்ததும் சப்பரம் சாய்ந்ததால், அங்கேயே இறக்கி வைத்திருந்தார்கள். அவமானத்தில் நெளிந்தபடி நிமிர்ந்தேன். அட, வலியைக் காணோம்!

“முதுகுவலி போயிருச்சு!” என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“மாதாவே! எங்க வீட்டு வாசல்ல அற்புதம், புதுமை!” என்று மேரி அக்கா முழங்காலில் விழுந்தார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ரீத்தா கிள்ளினாள். பேசாமல் போய்த் தண்டுக்குத் தோள் கொடுத்து, சப்பரத்தைக் கோயில் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இப்போது வருடா வருடம் சப்பரம் அந்த வாசலில் நிற்கிறது. கம்போங் ராஜா ஊரிலிருந்துகூட முதுகுவலிக்காரர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். முன்தண்டு இன்றும் என்னிடம்தான். செபா மட்டும் ஒவ்வொருவர் காதிலும் எக்கிச் சொல்லிக்கொண்டே போவான்: “மாதாகிட்ட அப்புறம் கேக்கலாம் லா. மொதல்ல உள்ள போய்ட்டு வாங்க, எங்க மச்சானுக்கு வலி அதுலதான் கேட்டுச்சு.”